ஹாரி பெர்குசன்

ஹாரி பெர்குசன் (நவம்பர் 4, 1884 - அக்டோபர் 25, 1960) அயர்லாந்தில் பிறந்த பொறியியலாளரும், கண்டுபிடிப்பாளரும், தொழில் முனைவோரும் ஆவார். டிராக்டர் என வழங்கப்படும் உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் கலப்பை முதலிய கருவிகளைப் பொருத்தப் பயன்படும் மும்முனை இணைப்பு முறையை உருவாக்கியவர் என்ற வகையில் இவர் பெரிதும் அறியப்படுகிறார். அயர்லாந்தில் முதன்முதலில் வானூர்தியில் பறந்தவரும் இவரே. மாசி பெர்குசன் என்னும் வணிகப் பெயரின் பிற்பகுதி இவருடைய பெயரிலிருந்து வந்தது.

இளமைக்காலம்

பெர்குசன் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில், துரோமோர் நகருக்கு அருகேயுள்ள குரோவல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதினொரு பிள்ளைகளுள் இவர் நான்காமவர். பண்ணை வேலையில் இவருக்கு நாட்டம் இருக்கவில்லை. 1902 ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகருக்குச் சென்று, தமையனார் ஜோ நடத்திவந்த மிதிவண்டி, தானுந்து பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தார். இயந்திரங்கள் பற்றிய அறிவைப் பெரும்பாலும் இங்குதான் பெற்றார்.

அக்காலத்தில் வானூர்தி புதிய துறையாக இருந்தது. பெர்குசன் தாமே ஓர் ஒற்றைச்சிறகு வானூர்தியை வடிவமைத்துக் கட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் அதில் ஏறி ஏறத்தாழ 118 மீட்டர் தொலைவு பறந்தார். அயர்லாந்தில் நிகழ்ந்த முதல் வானூர்திப் பறப்பு இதுவாகும்.

1911 இல் பெல்பாஸ்டில் சொந்தமாகத் தானுந்து விற்பனை நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1913 இல் மோரீன் வாட்சன் என்பவரை மணந்தார்.

உழவு இயந்திரங்களுடன் அறிமுகம்

முதல் உலகப்போர் தொடங்கிய காலத்தில், அமெரிக்காவில் செய்யப்பட்டு ஓவர்டைம் என்ற பெயரில் விற்கப்பட்ட உழவு இயந்திரங்களைப் பெர்குசன் விற்பனை செய்துவந்தார். போரினால் உணவு உற்பத்தியைப் பெருக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. 1917 இல் அயர்லாந்து வேளாண்மை வாரியம், நாட்டிலுள்ள உழவு இயந்திரங்களின் பயன்பாட்டை மேம்படுத்தும் பணியை இவரிடம் ஒப்படைத்தது. தம் உதவியாளரான வில்லியம் சாண்ட்சு என்பவருடன் பண்ணை பண்ணையாகச் சென்று, உழவர்கள் இயந்திரங்களை எவ்வாறு கையாளுகின்றனர் என்பதை நேரில் கண்டார்.

அப்போதைய உழவு இயந்திரங்கள் குதிரைக்கு மாற்றாகவே கருதப்பட்டன. குதிரை இழுத்த கலப்பையைச் சங்கிலியாலோ சட்டத்தாலோ இயந்திரத்தின் பின்னால் கட்டி இழுத்தனர். கலப்பையும் இயந்திரமும் வெவ்வேறு பொருள்களாகவே இருந்தன. கருவியும் இயந்திரமும் ஒரே உடலாக இயங்கவேண்டும் என்னும் முடிவுக்குப் பெர்குசன் வந்தார். அவருடைய பிற்காலப் பணிகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படையாக அமைந்தது.

பின்புறமாகக் கவிழும் சிக்கல்

1917 இல் ஹென்றி போர்டு வெளியிட்ட போர்ட்சன், விலை மலிவான, எடை குறைந்த உழவு இயந்திரமாகும். ஆனால் அதில் ஓர் ஆபத்து இருந்தது. இழுத்துச் செல்லும் கலப்பை மண்ணுக்குள் இருக்கும் பாறையிலோ வேரிலோ சிக்கினால், பின் சக்கரங்கள் சுழல இயலாமல் நின்றுவிடும். இயந்திரத்தின் முறுக்குவிசையோ நிற்காது. சக்கரத்தைச் சுழற்ற முடியாத அவ்விசை, பின் அச்சை மையமாகக் கொண்டு வண்டியின் உடலையே சுழற்றத் தொடங்கும். முன் சக்கரங்கள் மேலெழும்; வண்டி ஓட்டுநரின் மீது பின்புறமாகக் கவிழும். இவ்வகை விபத்துகளில் ஓட்டுநர்கள் பலர் உயிரிழந்தனர்.

வண்டியின் எடையைக் கூட்டுவது இதற்கு எளிய தீர்வாகத் தோன்றலாம். எடை கூடினால் விலையும் எரிபொருள் செலவும் கூடும். மண்ணும் இறுகிக் கெட்டிப்படும். எனவே எடையைக் கூட்டாமல், கருவியை இணைக்கும் முறையை மாற்றித் தீர்வு காணப் பெர்குசன் முயன்றார்.

மும்முனை இணைப்பு

முதலில் ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு தண்டுகளால் கலப்பையை இணைத்துப் பார்த்தார். ஆய்வுகள் தொடர்ந்து, கீழே இரண்டும் மேலே ஒன்றுமாக மூன்று தண்டுகள் கொண்ட அமைப்பு உருவாயிற்று. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் தூக்கி கீழ்த் தண்டுகளை ஏற்றி இறக்கும். உழவின் ஆழத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1926 இல் பிரித்தானியக் காப்புரிமை கிடைத்தது.

இதன் செயற்பாடு பின்வருமாறு:

* மண்ணின் தடை கலப்பையின் அடிப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளும். அதனால் கலப்பையின் மேற்பகுதி முன்னோக்கிச் சாயும். இவ்விசை மேல் தண்டு வழியாக வண்டியின் உடலை முன்னோக்கி அழுத்துவதால் முன் சக்கரங்கள் தரையை விட்டு எழுவதில்லை.
* மூன்று தண்டுகளையும் கற்பனையில் முன்னோக்கி நீட்டினால், அவை முன் அச்சுக்கு அருகே ஒரு புள்ளியில் சந்திக்கும். கலப்பை அப்புள்ளியிலிருந்து இழுக்கப்படுவது போலவே வண்டி நடந்துகொள்ளும்.
* மண் இறுகிய இடத்தில் மேல் தண்டின் அழுத்தம் கூடும். அது ஒரு சுருள்வில்லை அமுக்கி எண்ணெய்க் கட்டுப்பாட்டிதழைத் திறக்கும். கலப்பை சற்று மேலெழும். அவ்வேளையில் கலப்பையின் எடையும் அதன் மீதுள்ள மண்ணின் எடையும் பின் சக்கரங்களுக்கு மாறி, அவற்றின் பிடி கூடும்.
* கலப்பை பாறையில் மோதினால் பின் சக்கரங்கள் பிடியிழந்து நின்ற இடத்திலேயே சுழலும். வண்டி கவிழாது.

இவ்வாறு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் கருவியின் எடையே சமன் எடையாகப் பயன்படுகிறது. எடை குறைந்த ஒரு சிறிய வண்டி, தன்னிலும் கனமான வண்டியின் வேலையைச் செய்ய இதுவே காரணம்.

1933 இல் பெர்குசன் தாமே ஒரு மாதிரி உழவு இயந்திரத்தைக் கட்டினார். கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்ததால் அது கறுப்பு டிராக்டர் எனப்படுகிறது. 1936 முதல் 1939 வரை டேவிட் பிரவுன் நிறுவனத்துடன் இணைந்து பெர்குசன்-பிரவுன் என்னும் இயந்திரம் ஹடர்ஸ்பீல்டு நகரில் தயாரிக்கப்பட்டது. ஏறத்தாழ 1350 வண்டிகளே உற்பத்தியாயின.

ஹென்றி போர்டுடன் உடன்பாடு

1938 அக்டோபரில் பெர்குசன் தம் இயந்திரத்தை அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஹென்றி போர்டுக்கு இயக்கிக் காட்டினார். இருவரும் எழுத்து வடிவ ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கி உடன்பாடு செய்துகொண்டனர். வண்டியைப் போர்டு தயாரிப்பதென்றும், பெர்குசனின் நிறுவனம் விற்பதென்றும் முடிவாயிற்று. 1939 ஜூனில் போர்டு-பெர்குசன் 9என் வெளியானது. 1947 வரை இதுவும் இதன் மாற்று வடிவமான 2என்னுமாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின.

ஹென்றி போர்டின் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு நிறுவனப் பொறுப்பை ஏற்றபின் நிலைமை மாறியது. போர்டு நிறுவனம் உடன்பாட்டை முறித்துக்கொண்டு, 1947 இல் 8என் என்னும் வண்டியைத் தானே விற்கத் தொடங்கியது. அதிலும் பெர்குசனின் இணைப்பு முறையே இருந்தது. எழுதப்படாத உடன்பாட்டை நம்பியிருந்த பெர்குசனின் அமெரிக்க நிறுவனம் ஒரே நாளில் விற்பதற்கு வண்டியற்றதாயிற்று. 1948 இல் அவர் 25.1 கோடி டாலர் இழப்பீடு கோரி வழக்குத் தொடர்ந்தார். 1952 ஏப்ரலில் 92.5 இலட்சம் டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

சிறிய சாம்பல் வண்டி

1946 முதல் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் பெர்குசனுக்காக டிஇ-20 உழவு இயந்திரத்தைத் தயாரித்தது. போர்க்காலத்தில் வானூர்தி இயந்திரங்கள் செய்த தொழிற்சாலையே இதற்குப் பயன்பட்டது. ஏறத்தாழ 1.1 டன் எடையுள்ள, சாம்பல் வண்ணம் பூசிய இவ்வண்டி 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. எட்மண்ட் இல்லரி 1958 ஜனவரி 4 அன்று தென்முனையை அடைந்தது இவ்வகை வண்டிகளில்தான்.

பெர்குசன் உழவு இயந்திரத்துடன் அதற்கேற்ற கருவிகளையும் சேர்த்தே விற்றார். அவற்றுள் ஒன்று இரு சக்கர இழுவைப் பெட்டி. அதன் அச்சு பின்தள்ளி அமைக்கப்பட்டிருந்தது. எனவே சுமையின் ஒரு பகுதி வண்டியின் கொக்கியில் இறங்கிப் பின் சக்கரங்களுக்குப் பிடி தந்தது. ஹைட்ராலிக் தூக்கியால் கொக்கியைத் தாழ்த்தி, ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமலேயே பெட்டியை மாட்டலாம்.

இறுதிக்காலம்

1953 இல் பெர்குசன் தம் நிறுவனத்தைக் கனடாவின் மாசி-ஹாரிஸ் நிறுவனத்துடன் இணைத்தார். விலையில் எழுந்த பத்து இலட்சம் டாலர் வேறுபாட்டை நாணயம் சுண்டித் தீர்த்துக்கொண்டனர், பெர்குசன் தோற்றார். அடுத்த ஆண்டே அந்நிறுவனத்தை விட்டு விலகினார். 1958 இல் நிறுவனத்தின் பெயர் மாசி பெர்குசன் எனச் சுருங்கியது.

பின்னர் நான்கு சக்கரங்களும் இயக்கப்படும் தானுந்துகள் பற்றிய ஆய்வில் ஈடுபட்டார். இங்கிலாந்தில் ஸ்டோ-ஆன்-த-வோல்டு ஊரிலுள்ள தம் இல்லத்தில் 1960 அக்டோபர் 25 அன்று காலமானார். அவருடைய ஆய்வு நிறுவனம் கட்டிய பி99 என்னும் நான்கு சக்கர இயக்கப் பந்தய வண்டி, 1961 செப்டம்பரில் ஸ்டெர்லிங் மாஸ் ஓட்ட, ஓல்டன் பார்க் பந்தயத்தில் வென்றது. அந்த வெற்றியைக் காண அவர் உயிருடன் இல்லை.

தமிழ்நாட்டில் தாக்கம்

பெர்குசன் மறைந்த 1960 ஆம் ஆண்டிலேயே, சென்னையில் அமால்கமேசன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த டாஃபே நிறுவனம், மாசி பெர்குசன் கூட்டுறவுடன் தொடங்கப்பட்டது. 2025 ஜூலையில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் மாசி பெர்குசன் என்னும் பெயரின் உரிமை டாஃபே நிறுவனத்துக்கு வந்தது. எனினும் மும்முனை இணைப்பு ஒரு நிறுவனத்தோடு நின்றுவிடவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்தபின் அது உலகப் பொது முறையாயிற்று. முதல் வகை இணைப்பில் கீழ்த் தண்டின் ஊசி 22 மில்லிமீட்டரும், இரண்டாம் வகையில் 28 மில்லிமீட்டரும் விட்டம் கொண்டவை. இத்தகைய பொது அளவுகளால், ஒரு நிறுவனத்தின் கலப்பையை இன்னொரு நிறுவனத்தின் வண்டியில் மாட்ட முடிகிறது.

நாமக்கல் மாவட்டத்தில், சேலம் - நாமக்கல் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள புதுச்சத்திரம் போன்ற பகுதிகளில் டிராக்டர் உழவுக்கும் சுமை இழுப்பதற்கும் ஒருசேரப் பயன்படுகிறது. கொக்கிக் கலப்பையையும் சுழல் கலப்பையையும் கழற்றிவிட்டு, அதே வண்டியில் டிரெய்லரை மாட்டி மரவள்ளிக் கிழங்கு ஏற்றுவது இப்பகுதிக்குரிய வேலையாகும். இவ்வாறு வேலை மாறும்போது வண்டியின் சமநிலையும் மாறுகிறது. பெர்குசன் ஆராய்ந்த சிக்கல் இங்கு வேறு வடிவங்களில் மீண்டும் எழுகிறது.

முன்புறம் மண் அள்ளும் வாளி பொருத்திய சிறிய டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் இரு அச்சுகளுக்கும் இடையிலான தொலைவு 1.8 மீட்டர் எனக் கொள்வோம். முன் அச்சுக்கு 1.2 மீட்டர் முன்னால் 300 கிலோகிராம் சுமையைத் தூக்கினால், முன் அச்சின் சுமை 500 கிலோகிராம் கூடும். பின் அச்சின் சுமை 200 கிலோகிராம் குறையும். பொதுவாகப் பிரேக் பின் சக்கரங்களிலேயே இருப்பதால், இறக்கத்தில் வண்டியை நிறுத்துவதும் கடினமாகும். இப்போது பின் அச்சுக்கு 0.9 மீட்டர் பின்னால் மும்முனை இணைப்பில் 300 கிலோகிராம் சமன் எடையை மாட்டினால், பின் அச்சில் 450 கிலோகிராம் கூடி, முன் அச்சில் 150 கிலோகிராம் குறையும். பின் டயர்களில் நீர் நிரப்பினாலோ சக்கரத்தில் இரும்பு வட்டுகளைப் பூட்டினாலோ பின் அச்சுக்கு எடை கிடைக்கும். முன் அச்சின் சுமை குறையாது. வாளியைக் கழற்றும்போது பின் சமன் எடையையும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் முன்புறம் இலேசாகித் திசைதிருப்புவது கடினமாகும்.

சுமை இழுக்கும்போது கொக்கியின் உயரமே முதன்மையானது. இழுக்கும் புள்ளி பின் அச்சுக்குக் கீழே, இழுசட்டத்தில் இருக்கவேண்டும். சேற்றில் சிக்கிய வண்டியையோ மரத்தின் அடிக்கட்டையையோ இழுக்க, மேல் தண்டு மாட்டும் இடத்தில் சங்கிலியைக் கட்டுவது உயிருக்கு ஆபத்தானது. கலப்பை மேல் தண்டைத் தள்ளுகிறது; சங்கிலியோ அதே இடத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. முன் சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும் விசை அங்கு இல்லை. மாறாக, வண்டியைப் பின்புறமாகக் கவிழ்க்கும் விசை உண்டாகிறது. போர்ட்சன் காலத்து விபத்து இக்கால வண்டியிலும் நிகழ இந்த ஒரு தவறு போதுமானது.