அடிமை ஆண்டவரின் மகளானாள்

பொருள்களுக்கு மனிதர் விலை வைக்கின்றனர். அரிசிக்கு விலை உண்டு. ஆடைக்கு விலை உண்டு. பொன்னுக்கும் மணிக்கும் விலை உண்டு. ஆனால் ஓர் இளஞ்சிறுமிக்கு விலை உண்டோ? உண்டு என்று கூறி, ஒரு சிறுமியை மீண்டும் மீண்டும் சந்தையில் விற்றனர் மனிதர். அவளோ, தான் விலைமதிக்க முடியாத இறைவனின் மகள் என்பதைக் கண்டுகொண்டாள். அவளே புனித ஜோசபின் பக்கீத்தா. பெண்ணின் பெருமை எங்கிருந்து வருகிறது என்பதை அறிய விரும்பும் நாம், இப்புனிதையின் வாழ்க்கையைச் சற்று நோக்குவோமா?

பிறப்பும் பிரிவும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் உள்ள சூடான் நாட்டின் மேற்குப் பகுதிக்குத் தார்பூர் என்று பெயர். அங்கே ஒல்கோசா என்னும் சிற்றூரில், ஏறத்தாழ 1869-ஆம் ஆண்டில் இவள் பிறந்தாள். தந்தையின் உடன்பிறந்தார் அவ்வூரின் தலைவர். வயலும் கால்நடையும் நிறைந்த வீடு. அன்பு மிக்க பெற்றோர். கூடி விளையாட உடன்பிறந்தோர் பலர். துன்பம் என்பது இன்னதென்று அறியாமல் வளர்ந்தாள்.

அந்த இன்ப வாழ்வில் இடி விழுந்தது. அடிமை வணிகர் ஊருக்குள் புகுந்து அவளுடைய அக்காளைக் கவர்ந்து சென்றனர். வீட்டார் சிந்திய கண்ணீர் காயுமுன் அடுத்த இடியும் விழுந்தது. 1877-ஆம் ஆண்டளவில், தோழி ஒருத்தியுடன் வயற்புறத்தில் உலவிக்கொண்டிருந்த இவளிடம் அன்னியர் இருவர் வந்தனர். தோழியை அப்பால் அனுப்பிவிட்டு, காட்டோரத்தில் ஒரு மூட்டை இருப்பதாகவும் அதை எடுத்து வருமாறும் இவளை ஏவினர். பெரியோர் சொல்லைத் தட்டி அறியாத பிள்ளை அவ்வாறே சென்றாள். அங்கே கத்தியைக் காட்டி மிரட்டி அவளைக் கொண்டுபோயினர்.

கள்வர் அவளுடைய பெயரைக் கேட்டனர். அச்சத்தால் அவளுக்கு நா எழவில்லை. பெற்றோர் ஆசையோடு இட்ட பெயர் அந்த அதிர்ச்சியில் மறந்தே போயிற்று. வாழ்நாளெல்லாம் அது அவள் நினைவுக்கு வரவில்லை. அவர்களே அவளுக்குப் பக்கீத்தா என்று பெயரிட்டனர். அரபு மொழியில் நற்பேறு பெற்றவள் என்பது அதன் பொருள். தாயை இழந்து, தந்தையை இழந்து, பெயரையும் இழந்தவளுக்கு நற்பேறு பெற்றவள் என்று பெயர்! இதைவிடக் கொடிய கேலி வேறுண்டோ?

அடிமைச் சந்தையில்

நூற்றுக்கணக்கான மைல் தூரம் வெறுங்காலோடு நடத்திச் செல்லப்பட்டாள். ஒருமுறை தன்னையொத்த சிறுமியோடு தப்பி ஓடியும், மீண்டும் பிடிபட்டாள். எல் ஒபெய்து நகரச் சந்தையிலும் கார்த்தூம் நகரிலும் ஆடுமாடுகளைப் போல் விற்கப்பட்டாள். ஒரு வீட்டில், எசமானரின் மகனுக்குக் கோபம் மூட்டிய குற்றத்துக்காக அவளை அடித்த அடியில் ஒரு மாதம் அவள் படுத்த படுக்கையாய்க் கிடந்தாள்.

பின்னர் துருக்கிப் படைத்தலைவர் ஒருவரின் வீட்டுக்கு விற்கப்பட்டாள். அங்கே அவரின் தாய்க்கும் மனைவிக்கும் பணிவிடை செய்தாள். சாட்டையடி படாத நாள் அரிது. ஒருநாள் அடிமைப் பெண்களுக்கு அடையாளம் இட வேண்டுமென்று எசமானி கட்டளையிட்டாள். வெள்ளை மாவினால் பக்கீத்தாவின் உடலில் கோலம் வரைந்தனர். அந்தக் கோலத்தின் மீதே சவரக் கத்தியால் கீறினர். கீறிய புண்ணில் உப்பை வைத்துத் தேய்த்தனர். அந்த இளம் உடலில் 114 வடுக்கள்! வாசலை அழகு செய்ய நாம் இடும் கோலத்தை எண்ணும்போது, இந்தக் கோலத்தை நினைத்து நெஞ்சம் பதறுகிறது. இதைச் செய்வித்தவளும் ஒரு பெண்ணே என்பது நம்மைத் தலைகுனிய வைக்கிறது.

இத்துணைத் துன்பத்திலும் அவளுடைய உள்ளம் மட்டும் அடிமைப்படவில்லை. கதிரவனையும் நிலவையும் விண்மீன்களையும் காணும்போதெல்லாம், இவ்வளவு அழகிய பொருள்களுக்கு உரியவர் யாரோ, அவரைக் கண்டு வணங்க வேண்டுமே என்று ஏங்குவாள். அவளுக்கு மறைக்கல்வி தந்தவர் யாருமில்லை. ஆயினும் படைத்தவரைத் தேடும் வேட்கை அவ்வுள்ளத்தில் இருந்தது.

மாட்டேன் என்ற ஒரு சொல்

1883-ஆம் ஆண்டு கார்த்தூமில் இத்தாலிய நாட்டுத் துணைத் தூதர் கலிஸ்தோ லெக்னானி அவளை விலைக்கு வாங்கினார். அவர் வீட்டில் அடியில்லை, வசையில்லை. உடுக்க உடையும் கிடைத்தது. 1885-ல் உள்நாட்டுப் போர் காரணமாக அவர் தாய்நாடு திரும்பியபோது, தன்னையும் அழைத்துச் செல்லுமாறு பக்கீத்தா மன்றாடினாள். இத்தாலி சேர்ந்ததும், மிக்கியேலி என்னும் அவருடைய நண்பரின் குடும்பத்துக்கு அவள் அளிக்கப்பட்டாள். அக்குடும்பத்தில் பிறந்த மிம்மினா என்னும் பெண் குழந்தைக்கு அவளே செவிலித்தாய் ஆனாள்.

அக்குடும்பத்தின் சொத்துகளைக் கவனித்து வந்த கெக்கீனி என்னும் நல்லவர், அவளுக்கு ஒரு சிறிய வெள்ளிச் சிலுவையைக் கொடுத்தார். இயேசு நமக்காக உயிர் துறந்த வரலாற்றைக் கூறினார். அடிக்கப்பட்டவரும், காயப்பட்டவரும், வெள்ளிக் காசுக்கு விற்கப்பட்டவருமான ஓர் ஆண்டவர்! பக்கீத்தா அச்சிலுவையை மறைத்து வைத்துத் தனிமையில் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

1888-ஆம் ஆண்டு மிக்கியேலி அம்மையார் சூடானில் இருந்த தம் கணவரிடம் செல்லும்போது, மகளையும் பக்கீத்தாவையும் வெனிஸ் நகரில் கனோசா சபைக் கன்னியரிடம் ஒப்படைத்தார். புனித மதலேன் கனோசா 1808-ல் வெரோனா நகரில் நிறுவிய சபை அது. அங்கேதான் பக்கீத்தா தன் தேட்டத்துக்கு விடை கண்டாள். விண்மீன்களைப் படைத்தவரே தன்னையும் படைத்தார், தன்னை அறிகிறார், தன்னை நேசிக்கிறார். எசமானர்களுக்கெல்லாம் மேலான எசமானர் ஒருவர் உண்டு. அவரும் தன்னைப் போல் அடிபட்டவர். அவர் தன்னை அடிமை என்று அழைக்கவில்லை, மகள் என்றே அழைக்கிறார். இந்த உண்மை அவளைத் தலைநிமிரச் செய்தது.

ஓராண்டு சென்று எசமானி திரும்பி வந்து அவளை அழைத்தார். வாழ்நாளெல்லாம் பணிந்தே பழகிய பக்கீத்தா முதன்முறையாக மாட்டேன் என்றாள். எசமானி கோபித்தார், நன்றி கெட்டவள் என்றார். தான் தூக்கி வளர்த்த மிம்மினாவோ பிரிய மனமின்றி அழுதாள். பக்கீத்தாவின் நெஞ்சம் வெந்தது; ஆனாலும் உறுதி குலையவில்லை. வழக்கு அதிகாரிகளிடம் சென்றது. 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்புக் கிடைத்தது. இத்தாலிய நாட்டுச் சட்டம் அடிமை முறையை ஏற்பதில்லை. ஆகவே அவள் யாருக்கும் சொந்தமான பொருளல்லள், தன் விருப்பப்படி வாழ உரிமை உள்ளவள் என்பதே அத்தீர்ப்பு.

1890 சனவரி 9 அன்று பக்கீத்தா ஞானஸ்நானம் பெற்றாள். ஜோசபின், மார்கரெட், பொர்த்துனாத்தா என்பன அவளுக்கு இட்ட பெயர்கள். பொர்த்துனாத்தா என்பதற்கும் நற்பேறு பெற்றவள் என்பதே பொருள். கள்வர் கேலியாக இட்ட பெயர் ஞானஸ்நானத் தொட்டியில் கழுவப்பட்டு, மெய்யான பெயராயிற்று! பிற்காலத்தில் அத்தொட்டியை அவர் பலமுறை முத்தமிட்டு, அங்கேதான் தாம் கடவுளின் மகளானதாகக் கூறி மகிழ்வாராம்.

கதவருகே ஓர் அன்னை

1896 டிசம்பர் 8 அன்று, தமக்கு வாழ்வளித்த அச்சபையிலேயே அவர் துறவற வார்த்தைப்பாடு கொடுத்தார். 1902 முதல் ஸ்கீயோ என்னும் ஊரின் மடமே அவருடைய இல்லமாயிற்று. சமையல், தையல், பூவேலை, கோவில் பொருள்களைப் பேணுதல், வாயிற்கதவைக் காத்தல் ஆகியவையே அவர் செய்த தொண்டுகள். உலகம் வியக்கும் பெரிய பதவி எதுவும் அவர் வகிக்கவில்லை. மடத்துப் பள்ளிக்கு அன்றாடம் வரும் குழந்தைகளின் தலைமேல் கை வைத்து அன்போடு வருடிக் கொடுப்பார். தழும்பேறிய அந்தக் கையின் கனிவை எண்ணிப் பாருங்கள்! ஊரார் அவரை அன்போடு கறுத்த அன்னை என்று அழைத்தனர். எந்த நிறத்தைக் கண்டு மனிதர் அவரை விலை பேசினரோ, அந்த நிறமே செல்லப் பெயராயிற்று.

தம்மைக் கடத்தியவர்களையும் வதைத்தவர்களையும் கண்டால் மண்டியிட்டு அவர்கள் கைகளை முத்தமிடுவேன் என்று அவர் கூறியதுண்டு. அவர்கள் இல்லாவிடில் தாம் கிறிஸ்தவளாகவோ கன்னியாகவோ ஆகியிருக்க முடியாதே என்பது அவருடைய எண்ணம். கொடுமை நல்லது என்பது இதன் பொருளன்று. மீண்டும் எசமானியிடம் செல்ல மறுத்தவரும் இவரே அல்லவா? பகையை நெஞ்சில் சுமக்க மறுத்தார் என்பதே பொருள்.

நெடுநாள் நோயுற்றிருந்த அவர், இறுதி வேளையில் பழைய நாள்களின் வேதனையை மீண்டும் அனுபவித்தார். சங்கிலி கனக்கிறது, தளர்த்துங்கள் என்று தாதியிடம் கெஞ்சினார். மன்னித்தவருக்கும் காயம் வலிக்கவே செய்யும் என்பதை இங்கே உணர்கிறோம். 1947 பிப்ரவரி 8 அன்று தேவமாதாவை அழைத்தவாறே உயிர் நீத்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று அவரைப் புனிதையாக உயர்த்தினார். மனித வணிகத்தால் துன்புறுவோருக்காகச் செபிக்கும் உலக நாளாக, அவருடைய திருநாளாகிய பிப்ரவரி 8-ஐ 2015 முதல் திருச்சபை கடைப்பிடித்து வருகிறது.

நாம் கற்கும் பாடம்

தோழியரே! நம்மையும் உலகம் பலவாறு எடை போடுகிறது. நிறத்தைப் பார்த்து எடை போடுகிறது. மதிப்பெண்ணைப் பார்த்து எடை போடுகிறது. நாளை திருமணச் சந்தையில் எத்தனை பவுன் என்று கேட்டும் எடை போடும். மதிப்பெண் குறைந்த நாளில், ஏளனச் சொல் கேட்ட நாளில், நாம் நம்மையே குறைவாக எண்ணிவிடுகிறோம். பெயரும் வீடும் இழந்து, உடலெங்கும் வடுத் தாங்கிய ஒரு பெண் தலைநிமிர்ந்து நின்றாள் எனில், நாம் ஏன் குனிய வேண்டும்? நம் மதிப்பு பிறர் கொடுப்பதன்று. பிறர் பறிப்பதும் அன்று. நம்மைப் படைத்தவர் கொடுத்தது அது.

பெற்றோர் இட்ட பெயரைச் சொல்லி நம்மை அன்றாடம் அழைக்க ஒரு வீடு இருக்கிறது. அதற்கே நாம் ஆண்டவருக்கு நன்றி கூறுவோம். நம் வகுப்பில் யாரும் அழைக்காமல் ஒதுங்கி நிற்கும் தோழியை அவள் பெயர் சொல்லி அழைப்போம். பக்கீத்தா அன்னைக்கு நாம் செய்யும் சிறந்த வணக்கம் அதுவே.

புனித ஜோசபின் பக்கீத்தாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!