நாவலரவர்களும் சிறார்க்கு நல்லொழுக்கம் பயிற்றிய நெறியும்

கல்வியின் பயன் ஒழுக்கம் என்பது நம்மனோர் யாவர்க்கும் ஒப்ப முடிந்ததொரு துணிபு. ஆயின் அவ்வொழுக்கத்தைச் சிறார்க்குக் கற்பிக்குங் கடப்பாடு யாருடையது என்னும் வினா எழுங்கால், இல்லத்தார் பள்ளியைச் சுட்டுகின்றனர். பள்ளியார் இல்லத்தைச் சுட்டுகின்றனர். இடையில் நிற்குஞ் சிறுவனோ ஒருவரிடத்துங் கல்லாதவனாய் வளர்கின்றான். பெரியோர் வரின் எழுதல், பிறர் பேசுங்கால் இடைப்புகாது கேட்டல், தன்பாலுள்ளதைப் பகுத்துண்டல், முறை வருமளவும் பொறுத்திருத்தல், பிழை செய்துழி அதனை ஒப்புக்கொண்டு பொறுக்குமாறு வேண்டல், துன்புற்றார் முகங்கண்டு அவர் கேளாமுன்னர் உதவுதல் என்னும் இவை எழுத்தும் எண்ணும் போலப் பயிற்றப்பட வேண்டியன. தாமே வருவன அல்ல. இவற்றை இல்லத்திற்கும் பள்ளிக்கும் பொதுவாக்கிப் பயிற்ற முயன்ற பெரியார் ஒருவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றாம். அவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள்.

காஞ்சியில் வாழும் எமக்கு நாவலரவர்கள்பால் தனியுரிமை ஒன்றுண்டு. இந்நகர்க் குமரகோட்டத்திலே கச்சியப்ப சிவாசாரியர் அருளிய கந்தபுராணம் கடல் கடந்து சென்று, யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் படித்துப் பயன் சொல்லப்பெற்று, அந்நாட்டார் வாழ்க்கையோடு ஒன்றாயிற்று. அப்புராணங் கேட்டு வளர்ந்த நாட்டிலே தோன்றியவர்கள் நாவலரவர்கள். காஞ்சி அவர்கட்கு ஈந்தது இது. அவர்கள் காஞ்சிச் சிறார்க்கு ஈந்தது பின்னர் விளங்கும்.

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் கடைசி மைந்தராகத் தோன்றினார்கள். தந்தையார் நாடகம் பாடவல்ல தமிழறிஞர். ஒன்பதாம் வயதில் அவரை இழந்தபோது, அவர் முடியாது விட்ட நாடகமொன்றை இவர்களே பாடி நிறைவுசெய்தார்கள் என்பர். சுப்பிரமணிய உபாத்தியாயரிடத்து இளமைக் கல்வியும், சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் என்பாரிடத்து இலக்கண இலக்கியங்களும் கற்றார்கள்.

அக்காலத்துத் திண்ணைப்பள்ளியின் இயல்பை அறிந்தாலன்றி நாவலரவர்கள் செய்த புதுமை விளங்காது. பிள்ளைகள் நீதிநூற் செய்யுட்களை முன்னர் நெட்டுருச் செய்வர். பொருள் பின்னர் வரும். இடையிலே படிப்பை நிறுத்தியவர்க்குப் பொருள் வாராமலே போம். பொறையுடைமை கூறுஞ் செய்யுளைப் பிழையின்றி ஒப்பித்த சிறுவன், அடுத்த நாழிகையிலே உடன் பயில்வானோடு கைகலத்தல் வியப்பன்று. செய்யுள் நாவிலே நின்றது, நடையில் இறங்கவில்லை.

நாவலரவர்கள் யாழ்ப்பாணத்து வெசிலியன் பாதிரிமார் பள்ளியில் ஆங்கிலங் கற்று, 1841 முதல் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார்கள். பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைபுரிந்தார்கள். தம் சமயத்திற் சிறிதும் வழுவாதே பிறசமயத்தாரோடு பல்லாண்டு ஒருங்கிருந்து பணிசெய்தமை, கொள்கையால் மாறுபட்டாரோடு பழகும் முறைக்கு எடுத்துக்காட்டாகும். பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தலும், ஒரே அச்சுநூலை யாவர் கையிலுங் கொடுத்தலும், வசனத்தாற் பொருளை விளக்கலும் அங்கே அவர்கள் கண்டறிந்த முறைகள். அம்முறைகளைச் சைவப் பிள்ளைகட்கு ஆக்க எண்ணினார்கள்.

அதன்பொருட்டு அவர்கள் செய்தவை இரண்டு. முதலாவது, 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கந் தொடங்கினார்கள். வெள்ளிதோறும் அது நடந்தது. இரண்டாவது, 1848-இல் அவ்வூரிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, அவ்வாண்டிலேயே பாதிரிமார் பள்ளியின் ஊதியத்தைத் துறந்தார்கள். இவ்விரண்டனையும் தனித்தனியே போற்றுவார் பலர்; இவற்றின் இயைபை நோக்குவார் சிலர். பிரசங்கத்தைக் கேட்டவர்கள் பெற்றோர். வித்தியாசாலையிற் பயின்றவர்கள் பிள்ளைகள். பொய்யாமையும் சினவாமையும் பெற்றோர் செவியிலும் பிள்ளைகள் செவியிலும் ஒரே வாயினின்று புகுந்தன. பள்ளியிற் கேட்டதை இல்லம் மறுத்தற்கு இடமில்லாமற் போயிற்று. நாவலரவர்கள் நெறியின் உயிர்நிலை இதுவே என்பது எமது துணிபு.

1849-இல் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சதாசிவம்பிள்ளையோடு சென்னைக்கு வந்தார்கள். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனம் நாவலர் என்னும் பட்டத்தை அவர்கட்கு வழங்கியது. ஊர் மீண்டபின் பாலபாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 1850 முதல் வெளிவந்தன. எழுத்துக் கூட்டுதலிலே தொடங்கிச் சிறு வாக்கியங்களுக்கும், அவற்றினின்று நீண்ட வசனங்களுக்கும் ஏறிச் செல்லும் அந்நூல்களிலே கொலை, களவு, பொய், அழுக்காறு, கோபம், சூது என விலக்கத்தக்கனவும், செய்ந்நன்றியறிதல், கல்வி எனக் கொள்ளத்தக்கனவும் தனித்தனித் தலைப்பின்கீழ்ப் பேசப்படுகின்றன. சைவ வினாவிடையின் இரண்டாம் புத்தகத்து நித்திய கருமவியலோ துயிலெழுதல், நீராடல், உண்ணல், உறங்கல் என்னும் அன்றாடச் செயல்களை வினாவும் விடையுமாக வகுக்கின்றது.

இந்நூல்கள் இயங்கும் வகையைச் சிறிது ஆராய்வாம். நல்லவனாயிரு எனப் பொதுப்படக் கூறின் சிறுவனுக்கு யாதுஞ் செய்யத் தோன்றாது. இவ்வேளையில் இதனை இவ்வாறு செய் எனின் உடனே செய்வான், பலநாட் செய்தது பழக்கமாம், பழக்கம் இயல்பாம். வினாவிடை நூலுக்கு மற்றுமொரு சிறப்புண்டு. வினாவ ஒருவரும் விடைகூற ஒருவரும் வேண்டுதலின், அது தனித்துப் படிக்கும் நூலன்று. அதனைப் பயிலுஞ் சிறுவன் பொருளோடு, பிறர் சொல்லி முடிக்குமளவுங் காத்திருத்தலையும், கேட்டதற்கு ஏற்ற விடை கூறுதலையும் உடன் கற்கின்றான்.

விதி மாத்திரம் போதாது. அவ்விதிக்கு உயிராகிய அன்பை நிகழ்ச்சியாற் காட்டல் வேண்டும். 1852-இல் நாவலரவர்கள் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டமையால் அது நிரம்பிற்று. இதுவே காஞ்சிச் சிறார்க்கு அவர்கள் ஈந்த கொடை எனக் கொள்வேம். நம் நகர்த் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் சிவனடியார் உள்ளக்குறிப்பை அறிந்து அவர் ஆடையை வெளுத்துக் கொடுத்த ஏகாலியர். குளிர்காலத்திலே மெலிந்த மேனியும் அழுக்கேறிய கந்தையுமாய் வந்த அடியாரைக் கண்டு, இன்சொற் கூறி, பொழுது சாயுமுன் தருவதாகக் கந்தையை வாங்கினார். மழை விடாது பொழிந்தது, ஆடை உலரவில்லை. சொன்ன சொல் தவறியதனையும், முதியவர் மேனி குளிரால் வருந்துமே என்பதனையும் பொறாது, கல்லிலே தம் தலையை மோதப் புக்கார். இறைவர் திருக்கை தோன்றித் தடுத்தது. இக்காலத்தார் குழந்தைகட்குப் பழகுமுறை கற்பித்தல் என்று கூறுவது யாது? பிறர் குறிப்பறிதல், இனிது பேசல், சொன்ன சொற் காத்தல், தவறியவிடத்து வருந்தல் ஆகிய இவையே. நான்கும் இவ்வொரு வரலாற்றிலே அடங்கின. காஞ்சி முத்தீசுவரர் சந்நிதியிலே நாயனாரை வணங்கும் பெற்றோர் இதனைப் பிள்ளைகட்கு ஒருகாற் சொல்லுதல் நன்று.

ஒன்றனைக் கூறாது விடுதல் நேர்மையன்று. சாதி வரம்பை நாவலரவர்கள் தம் நூல்களிற் பேணியே எழுதினார்கள். யாரோடிருந்து உண்ணல் தகும் என்னுமிடத்து அவ்வரம்பே அளவாயிற்று. அஃது அவர்கள் காலத்து வழக்கு. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு தீண்டாமையை ஒழித்தது. 1982 முதல் நடைபெறுஞ் சத்துணவுத் திட்டத்தால் நம் பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றனர். நாவலர் நூலைப் பயிற்றுவோர் அப்பகுதியை மறைத்தலும் வேண்டா, பின்பற்றலும் வேண்டா. ஏகாலியர் ஒருவரைத் தொழுது போற்றும் வரலாற்றை இனிய வசனத்திலே சிறார் கையிற் கொடுத்தவர்கள் அவர்களேயாவர். அவ்வரலாற்றை உளங்கொண்டு படித்த சிறுவன், உடன் அமர்ந்து உண்பவனைக் குறைவாக எண்ணான். வாதங்களில் அவர்கள் ஆண்ட கடுஞ்சொல்லுக்கும் இதுவே கூறுவேம்: பகைவர்க்கு எழுதிய நடை வேறு, பாலர்க்கு எழுதிய நடை வேறு. சிறார்க்கு உரியது பின்னதே.

1864-இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலை தாபிக்கப்பெற்றது. 1872-இல் வண்ணார்பண்ணையிலே ஆங்கில வித்தியாசாலையொன்று தொடங்கினார்கள். பொருளுதவி போதாமையால் அது சில ஆண்டுகளில் நின்றது. ஆயினும் அவ்வெண்ணம் அழியவில்லை. 1888-இல் எழுந்த சைவ பரிபாலன சபையார் அதனை யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக நிறைவேற்றினர். 1877-ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வாட்டியபோது நாவலரவர்கள் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார்கள். பாலபாடத்தில் எழுதியதைத் தெருவிலே செய்துகாட்டிய ஆசிரியர் அவர்கள். இல்லறம் புகாது, தம் வாழ்நாள் முழுவதையும் இப்பணிக்கே ஈந்து, 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் சிவபதமடைந்தார்கள்.

இனி, இவ்வரலாற்றால் நாம் கொள்ளக்கிடப்பது யாது? காஞ்சியில் தறியறியாதார் இலர். கோர்வைச் சேலை நெய்யுங்கால் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு ஒரு நிறமுமாக வெவ்வேறு நாடாக்கள் ஓடும்; நெய்வார் ஒருபுறமும் துணையாள் மறுபுறமும் இருந்து, ஒருவர் கை முடிந்தபின் ஒருவர் கை செல்லும். இருவரும் ஒத்து இழைகளைக் கோத்தாலன்றிக் கரை உடலோடு பொருந்தாது. துணையாளாகச் சிறுவரை அமர்த்திய வழக்கம் முன்னர் இருந்தது. அதனை நாம் போற்றவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டமும் சிறுவர்க்கு உரிய இடம் பள்ளியே என வரையறுத்தன. ஆயின் தறியருகே தந்தையிடத்துக் கண்ட பொறுமையும் முறை காத்தலும் பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கு வேறுவழியால் வரல்வேண்டுமன்றோ? பள்ளியும் இல்லமும் கோர்வைத்தறியின் இருபுறம்போல ஒத்து இயங்கினாலன்றி அது வாராது.

நம் திருமடங்களும் சபைகளும் சிறார்க்குச் சமயவகுப்பு நடத்துதல் மகிழ்தற்குரியது. ஆனாற் பெற்றோர் பிள்ளையை வாயிலில் விட்டு மீள்கின்றனர். உள்ளே என்ன கற்பித்தனர் என்பதை வினவுவார் அரியர். நாவலரவர்கள் பெற்றோர்க்கு ஒரு நாளும் பிள்ளைகட்குப் பல நாளும் வகுத்தமையை மடத்துப் பெரியோர் நினைவுகூர்தல் வேண்டும். அவ்வகுப்புகளிலே திங்களுக்கு ஒருமுறையேனும் பெற்றோரையும் உடனமர்த்தி, அத்திங்களிற் பிள்ளைகட்குப் பயிற்றிய ஒழுக்கத்தையே அவர்க்கும் எடுத்துரைத்தல் தக்கது. வீட்டிற் பொய் கூறும் தந்தை முன்னர்ப் பொய்யாமைப் பாடம் நில்லாது. மாணாக்கன் சொல்லைக் கேளாத ஆசிரியர் முன்னர் அடக்கப் பாடமும் நில்லாது. கார்த்திகை மகத்திலே நாவலர் குருபூசை வருகின்றது. அன்று மலர் தூவி வணங்குதலோடு, இவ்வொரு முறையையும் தொடங்குவோமாயின், அதுவே அவர்கட்குச் செய்யும் நிறைந்த வழிபாடாகும்.