மலாக்காவின் முன்ஷி அப்துல்லாஹ்

நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் முன்ஷி அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர் அவர்கள், 1796இல் மலாக்காவின் கம்போங் பாலியில் பிறந்தார்கள். யமனிலிருந்து நாகூர் வந்து, அங்கேயே மணமுடித்த அரபியர் ஒருவரின் வழிவந்த குடும்பம் அது. பாட்டியார் ஊரில் குர்ஆன் ஓதிக்கொடுத்து வந்தார்கள். பேரருக்கும் முதல் ஓதல் அங்கேதான்.

அடுத்து, தந்தையார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்காவில் அன்று வணிகக் கணக்கும் கடைப்பேச்சும் பெரும்பாலும் தமிழில் நடந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது ஊர் வழக்கம். வீட்டில் மலாய் புழங்கிய பிள்ளையை இப்படித் தனியே தமிழ்ப் பாடத்துக்கு அனுப்ப, இன்று நம்மில் எத்தனை பேர் துணிவோம்?

இந்துஸ்தானி கற்றது வேறு விதம். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்களுக்குக் குர்ஆன் கற்பிக்கப் போனார். அவர்களோடு பேசிப் பேசியே மொழி நாவில் படிந்தது. முன்ஷி என்ற பட்டமும் அவர்கள் கொடுத்ததே. மலாய் மொழிக்கோ பள்ளியே இல்லை. சொந்த மொழியைப் படிப்பானேன் என்று மக்கள் இருந்துவிட்டார்கள். அந்த அலட்சியத்தை அவர் கடைசிவரை கடிந்தார். விவரமறிந்த பெரியவர்களைத் தேடிப் போய், சொற்களின் பொருளையும் வழக்கையும் கேட்டுக் கற்றார். பதினைந்து வயதளவில் ராஃபிள்ஸிடம் ஏடுகள் படியெடுக்கும் எழுத்தரானார்.

ஆங்கிலம்தான் சோதனையாக வந்தது. 1815இல் மலாக்கா வந்த மில்ன் பாதிரியாருக்கு மலாய் கற்பித்து, ஈடாக ஆங்கிலம் கற்றார். அச்சுக்கோக்கவும் பழகினார். பிள்ளை மதம் மாறிவிடுவான் என்று ஊர் பேசியது. அப்துல்லாஹ் பாதிரி என்ற ஏளனப் பெயரும் ஒட்டிக்கொண்டது. அவரோ, மொழி வேறு, ஈமான் வேறு என்று உறுதியாக நின்றார். பாதிரிமார்களின் வேத மொழிபெயர்ப்புக்கு உதவினார். மலாய் நடை பிசகியபோது அவர்களோடு வாதாடவும் செய்தார். கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்தார். அன்று பழித்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனார்கள் என்பது தனிக்கதை.

சிறுவயதில் கற்ற தமிழும் வீண்போகவில்லை. பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து 1835இல் மலாயில் பெயர்த்தார். 1838இல் சிங்கப்பூரிலிருந்து கிளந்தான் சென்று, கண்டதையெல்லாம் பேச்சுக்கு நெருக்கமான நடையில் எழுதினார். தம் வாழ்க்கையை எழுதிய ஹிகாயத் அப்துல்லாஹ் 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. அரசர்களைப் புகழ்ந்தே பழகிய மலாய் ஏடுகளுக்கு நடுவே, சாதாரண மனிதரொருவர் நான் என்று தொடங்கிச் சொன்னது புதுமை.

1854இல் ஹஜ்ஜை நாடிக் கப்பலேறினார்கள். அந்தப் பயணத்தையும் வழியெல்லாம் எழுதிக்கொண்டே போனார்கள். அக்குறிப்பு முற்றுப்பெறவில்லை. அந்த ஆண்டிலேயே, அரபு மண்ணில் வஃபாத்தானார்கள்.