சூரியனைத் துரத்தி வந்த லெ ழாந்தீ

வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்து படித்தவர்களுக்கு முதலாமாண்டு மெக்கானிக்ஸ் வகுப்பு மறந்திருக்காது. ஓடும் ரயிலுக்குள் ஒருவன் நடக்கிறான், அவன் வேகம் என்ன என்று கணக்கு வரும். யாரைப் பொறுத்து சார் என்று திருப்பிக் கேட்க வேண்டும் என்பது புரியவே எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு. அந்தக் கேள்வியிடம் பதினோரு வருஷத்தைப் பறிகொடுத்த ஒரு பிரெஞ்சுக்காரர் நம்ம புதுச்சேரியில் வாழ்ந்திருக்கிறார்.

கியோம் லெ ழாந்தீ, 1725-இல் நார்மண்டியில் பிறந்த வானியலார். 1761 ஜூன் 6-ஆம் தேதி வெள்ளிக் கிரகம் சூரியனின் குறுக்கே போவதைப் பார்க்க, 1760 மார்ச்சில் கப்பலேறினார். சேர வேண்டிய ஊர் புதுச்சேரி.

அதில் அப்படி என்ன இருக்கிறது? வெள்ளி சூரியத் தட்டின் மேல் மணிக்குச் சுமார் 4 கலை வேகத்தில் ஊர்ந்து (60 கலை ஒரு பாகை), ஆறு மணி நேரம் போல எடுத்துக்கொண்டு கடக்கும். பூமியின் வெவ்வேறு மூலையிலிருந்து பார்த்தால் பாதை சற்று மேலும் கீழும் விலகும். அதனால் கடக்கும் நேரமும் நிமிடக் கணக்கில் மாறும். அந்த வித்தியாசத்திலிருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கலாம். பார்ப்பவர் எங்கே நிற்கிறார், மணி என்ன, இரண்டும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அவர் வருவதற்குள் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். மே மாதம் மாஹே பக்கம் வந்தபோதுதான் சேதி தெரிந்தது, கப்பல் திரும்பிவிட்டது. ஜூன் 6 அன்று வானம் நிர்மலம். ஆனால் அவர் நின்றதோ நடுக்கடலில், ஆடுகிற தளத்தில்! ஊசல் கடிகாரம் அங்கே ஓடாது, தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. கண்ணால் பார்த்தார், நேரத்தைக் குறித்தார். குறிப்பாயம் இல்லாத அளவு ஒன்றுக்கும் உதவவில்லை.

அடுத்தது 1769-இல். ஊருக்குப் போகாமல் இங்கேயே காத்திருக்கத் துணிந்தார். மடகாஸ்கர் கரையை அளந்தார், மணிலா போனார். புதுச்சேரியே மேல் என்று பாரிஸ் அகாடமி எழுதவே, 1768 மார்ச்சில் இங்கே வந்திறங்கினார். பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய ஊர் இடிபாடாகக் கிடந்தது. இடிந்த கோட்டைக்குள்ளேயே அவருக்கு ஒரு வானாய்வுக்கூடம் எழும்பியது. அதற்குக் கீழே வெடிமருந்துக் கிடங்கு! சண்டை போட்ட ஆங்கிலேயரே சென்னையிலிருந்து நல்ல தொலைநோக்கி ஒன்றைக் கொடுத்தனுப்பினார்கள்.

காத்திருந்த மாதங்களில்தான், என் கணிப்பில், அவருடைய பெரிய லாபம் கிடைத்தது. நம்மூர்ப் பஞ்சாங்கக் கணக்கை ஒரு தமிழரிடம் கற்றார். பேனா, காகிதம் கிடையாது. சோழிகளைப் பரப்பி முக்கால் மணி நேரத்தில் ஒரு சந்திர கிரகணத்தைப் போட்டுக் காட்டினார்களாம். தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் ஓடியது, அதற்குச் சராசரி நகர்வு எவ்வளவு, பிறகு திருத்தம். சந்திரன் சில நாள் 12 பாகைக்கும் குறைவாக நகரும், சில நாள் 15-ஐத் தாண்டும். 248 நாளில் அந்த ஏற்றத்தாழ்வு மறுபடி பழைய வரிசைக்கு வந்துவிடும். அந்த 248 நாளுக்கும் வாக்கியங்கள் மனப்பாடம். நாம் தொடக்க இடம், திசைவேகம், முடுக்கம் என்று படித்ததற்கு இது தூரத்துச் சொந்தம் இல்லையா? 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் நீளத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைந்தது. அன்று ஐரோப்பாவில் பெயர்பெற்ற மேயர் அட்டவணை 68 விநாடி கூடியது.

1769 ஜூன் 4 விடியல். மே முழுக்கக் காலை வானம் தெளிவாக இருந்திருக்கிறது. இந்த முறை இடம் தெரியும், கடிகாரமும் சரி. அன்றைக்கென்று மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி வெளியேறி முடிந்த பிறகு சூரியன் பளிச்சென்று வந்தான். மணிலாவில் அன்று வானம் சுத்தம்! இரண்டு வாரம் அவரால் பேனாவைத் தொட முடியவில்லை. (2012 ஜூன் 6 காலை வெல்டிங் கண்ணாடி வழியாக நான் அந்தக் கரும்புள்ளியைப் பார்த்தபோது இவர் நினைப்புதான். அடுத்தது 2117-இல்.)

வயிற்றுக்கடுப்போடு 1770 மார்ச்சில் புறப்பட்டு, 1771 அக்டோபரில் பிரான்ஸ் சேர்ந்தார். அங்கே அவர் செத்துப்போனதாகவே முடிவு கட்டி, வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தயாராக இருந்தார்கள்; அகாடமி இடமும் வேறொருவருக்குப் போயிருந்தது. போராடித்தான் அந்த இடத்தைத் திரும்பப் பெற்றார். கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். 1779-லும் 1781-லும் இரண்டு பாகமாகத் தம் பயண நூலை வெளியிட்டார். நம்மூர்ச் சோழிக் கணக்கும் அதில் விரிவாக இருக்கிறது. 1792 அக்டோபரில் பாரிசில் காலமானார்.