மொலோக்காய்த் தீவின் தொண்டர் தமியான்

மாணவச் செல்வங்களே! சான்றோர் வாழ்க்கை நமக்கு வழிகாட்டும் விளக்காகும். அச்சான்றோரும் தமக்கு முன் வாழ்ந்த பெரியோரை எண்ணியே துன்பக் காலத்தில் உறுதி பெற்றனர். இவ்வுண்மையை அருட்தந்தை தமியானின் வாழ்வில் தெளிவாகக் காணலாம்.

தமியான் 1840ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் திரமலோ என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யோசேப்பு. இளமையிலேயே பண்ணையில் உழைத்தமையால் உடல் வலிமை மிக்கவராக வளர்ந்தார். துறவு மடத்தில் சேர்ந்தபோது, பண்டைக் காலத்தில் ஊதியம் பெறாது மருத்துவம் செய்த புனிதர் தமியானின் பெயரை ஏற்றார். தொலைநாடு சென்று தொண்டாற்றும் ஆவலால், புனித சவேரியாரின் படத்தின் முன் நாள்தோறும் வேண்டி வந்தார். தமிழகத்தின் முத்துக்குளித்துறையிலும் நம் மலாக்காவிலும் தொண்டாற்றியவரே அச்சவேரியார்.

ஹவாய்த் தீவுகளுக்குச் செல்லவிருந்த அண்ணன் நோயுறவே, அவருக்குப் பதிலாகத் தமியான் கப்பலேறினார். 1864ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் ஹொனலூலு துறைமுகத்தை அடைந்து, அவ்வாண்டிலேயே குருப்பட்டம் பெற்றார்.

அந்நாளில் தொழுநோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. நோய் கண்டவரைத் தனிமைப்படுத்தும் சட்டம் அங்கு 1865இல் இயற்றப்பட்டது. மொலோக்காய்த் தீவின் ஒரு முனைக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். அம்முனையின் மூன்று புறமும் கடல். நான்காம் புறம் செங்குத்தான மலை. தாயைப் பிரிந்த பிள்ளைகளும் கணவனைப் பிரிந்த மனைவியரும் அங்கே கண்ணீர் வடித்தனர். அச்சட்டம் 1969இல் நீங்கும் வரை ஏறத்தாழ 8,000 பேர் அவ்வாறு அனுப்பப்பட்டனர்.

அவர்களிடையே முறைமாற்றிப் பணிபுரிய நான்கு குருமார் முன்வந்தனர். முதலில் சென்றவர் தமியான். 1873ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் அங்குச் சென்றபோது அவருக்கு வயது 33. தங்க வீடில்லாமையால் ஒரு தாழை மரத்தடியில் உறங்கினார். மக்களின் நிலையைக் கண்டபின், அங்கேயே நிலையாகத் தங்க அனுமதி வேண்டினார்.

பண்ணையில் பழகிய கைகள் அங்கே ஓயாது உழைத்தன. அவர் புண்களைக் கழுவிக் கட்டினார், வீடுகள் கட்டினார், குழாய் அமைத்து நீர் கொணர்ந்தார், பெற்றோரற்ற பிள்ளைகளைப் பேணினார், இறந்தோருக்குச் சவப்பெட்டி செய்து, குழியும் தோண்டினார். பிறர் தீண்ட அஞ்சியவர்களுடன் ஒரே கலத்தில் உணவருந்தினார்.

தனிமை அவரையும் வாட்டியது. கத்தோலிக்கர் தம் குற்றங்களைக் குருவிடம் மறைவாக அறிக்கையிடுவது வழக்கம். ஒருமுறை கப்பலில் வந்த குருவைக் கரையிறங்க விடவில்லை. தமியானையும் கப்பலில் ஏற விடவில்லை. அவர் படகிலிருந்தே உரத்த குரலில் அறிக்கையிட நேர்ந்தது. அந்நிலையிலும் மக்களைக் கைவிட்டு அவர் வெளியேறவில்லை.

1884ஆம் ஆண்டு டிசம்பரில் அவரது காலில் கொதிநீர் பட்டது. ஆனால் வலி தோன்றவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றியதை உணர்ந்தார். எனினும் பணியை நிறுத்தவில்லை. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், தம் 49ஆம் வயதில் மறைந்தார். அவர் முதன்முதலில் உறங்கிய தாழை மரத்தடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மறைந்த பின்னரும் அவரைப் பழித்தோர் உண்டு. புதையல் தீவு என்னும் நாவலை எழுதிய ஸ்டீவன்சன், தாமே மொலோக்காய் சென்று கண்டறிந்தவராதலால், 1890இல் அப்பழியை மறுத்துத் திறந்த மடல் வெளியிட்டார். தமியானின் இறுதிக் காலத்தில் துணை நின்ற மரியன்னை கோப் என்னும் கன்னியர், அவருக்குப் பின் பல்லாண்டுகள் அங்குத் தொண்டாற்றினார். கத்தோலிக்கத் திருச்சபை தமியானை 2009இலும் மரியன்னையை 2012இலும் புனிதர்களாக அறிவித்தது.

தமியான் மொலோக்காய் சென்ற அதே 1873ஆம் ஆண்டில்தான், நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். இன்று அந்நோய் மருந்தால் முற்றிலும் குணமாகும். ஆயினும் நோயுற்றோரை ஒதுக்கும் மனநோய்க்கு அன்பு ஒன்றே மருந்து.

செல்வங்களே! மண்வெட்டி பிடித்த கையும் மரம் அறுத்த கையும் மனிதரை வாழ வைத்தன. சவேரியாரை எண்ணித் தமியான் துணிவு பெற்றார். தமியானை எண்ணி நாமும் துன்பத்தில் துவளாதிருப்போம். ஒதுக்கப்பட்டவர் அருகில் சென்று நிற்போம்!