அரசனை வரையத் தடை: ஓனோரே தோமியே (1808 - 1879)

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டுமானால் ஓனோரே தோமியேயின் கேலிச்சித்திரங்களைப் புரட்டினால் போதும். ஆனால் அவர் அந்த வீடுகளுக்குள் நுழைந்தது தானாக விரும்பி அல்ல. ஒரு சட்டம் அவரை அங்கே தள்ளியது.

1808இல் மார்சேய் நகரில் பிறந்தார். தந்தை ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி; கவிஞராகும் ஆசையில் பாரிசுக்கு வந்தவர். வறுமையால் சிறுவயதிலேயே தோமியே வேலைக்குப் போனார். நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடி, பிறகு புத்தகக் கடைப் பையன். வக்கீல்களையும் நீதிபதிகளையும் அவர் பின்னாளில் விடாமல் கிண்டல் செய்ததற்கு விதை அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சுக் கலையைக் கற்றுக்கொண்டார். மலிவாகவும் வேகமாகவும் படங்களைப் பெருக்க அது உதவியது. ஷார்ல் பிலிப்போனின் பத்திரிகைகள் அவருக்கு இடம் தந்தன. ஏழைகளின் காசைக் கூடை கூடையாக விழுங்கும் பூதமாக மன்னர் லூயி பிலிப்பை 1831இல் வரைந்தார். விளைவு, 1832இல் ஆறு மாதச் சிறை. வெளியே வந்தும் அடங்கவில்லை. 1834 ஏப்ரலில் பாரிஸின் திரான்ஸ்னொனேன் தெருவில் ஒரு வீட்டுக்குள் புகுந்த படைவீரர்கள் அங்கிருந்தவர்களைக் கொன்றார்கள். இரவு உடையுடன் கட்டிலருகே செத்துக் கிடக்கும் மனிதன், அவன் உடலுக்கடியில் ஒரு குழந்தை. அந்தப் படத்தில் சிரிப்புக்கு இடமே இல்லை.

1835இல் மன்னரைக் கொல்ல முயற்சி நடந்தது. அதைத் தொடர்ந்து வந்த சட்டம், முன் அனுமதியின்றிப் படங்கள் வெளியிடுவதைத் தடுத்தது. அரசியல் கேலிச்சித்திரத்தின் வாய் அடைபட்டது. தோமியே 'ஷரிவாரி' நாளேட்டில் அன்றாட வாழ்க்கைக்குத் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்கு உலாப் போய்க் களைத்துத் திரும்பும் குடும்பம், சேன் நதியில் தொப்பையோடு குளிப்பவர், வாடகைக்காரரை வாட்டும் வீட்டுக்காரர், சலித்துப்போன கணவன் மனைவி என்று வரிசை வரிசையாக வந்தன. 1840களில் வந்த 'நல்ல பூர்ஷ்வாக்கள்' அவற்றில் ஒன்று. மன்னருக்குத் தூணாக நின்ற வர்க்கம் இதுதான். காசு கொடுத்து ஏட்டை வாங்கித் தன்னையே பார்த்துச் சிரித்ததும் பெரும்பாலும் அதே வர்க்கம்தான்.

அவர் அந்த மனிதர்களை வெறுக்கவில்லை என்பதே என் எண்ணம். பெண்ணுரிமை கேட்டவர்களைக் கிண்டல் செய்த படங்கள் மட்டும் இன்று உறுத்துகின்றன.

சுமார் 4000 கல்லச்சுகள் வரைந்தும் கையில் காசு தங்கவில்லை. 1860இல் ஷரிவாரி அவரை நீக்கியது. 1863இல் மீண்டும் அழைத்தது. 1870இல் அரசு தர முன்வந்த விருதை மறுத்தார். கண்பார்வை மங்கிய முதுமையில், வால்மொந்துவா கிராமத்தில் வீடு கிடைக்க ஓவியர் கோரோ துணை நின்றார். 1878இல் நண்பர்கள் நடத்திய ஓவியக் கண்காட்சி செலவைக்கூட ஈட்டவில்லை. 1879 பிப்ரவரியில் இறந்தார். அடக்கச் செலவை அரசே ஏற்றது.

அவரைச் சிறையில் வைத்த மன்னரை இன்று பலரும் நினைவு வைத்திருப்பது, அவர் வரைந்த அந்தப் பூதத்தின் முகமாகத்தான்.