மருந்தின் உண்மைப் பெயர்: பேராசிரியர் சேனக பிபிலேயை நாம் ஏன் மறக்கக் கூடாது?

சில வருடங்களுக்கு முன்னர் எனது உம்மா கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். அல்ஹம்துலில்லாஹ், முறிவு எதுவும் இல்லை. ஏன் இப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டு அவரது மருந்துப் பையைக் கொட்டிப் பார்த்தேன். பிரஷருக்கென்று இரண்டு குளிசைக் கார்ட்கள் இருந்தன. ஒன்று அரச கிளினிக்கில் கொடுத்தது. மற்றையது தனியார் வைத்தியர் ஒருவர் எழுதிக் கொடுத்து, பாமசியில் வாங்கியது. நிறம் வேறு, பெயர் வேறு, விலையும் வேறு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை வாசித்தபோதுதான் விளங்கியது. இரண்டும் ஒரே மருந்து. லொசார்டன். மூன்று வாரமாக உம்மா ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரண்டு மடங்காக விழுங்கியிருக்கிறார்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு மருந்துக்குப் பல பெயர்கள் இருந்ததுதான் பிரச்சினை. இந்தப் பிரச்சினையை அறுபது வருடங்களுக்கு முன்பே அடையாளம் கண்டு, அதற்கு மருந்தும் சொன்ன ஒருவர் நமது நாட்டில் வாழ்ந்தார். அவர்தான் பேராசிரியர் சேனக பிபிலே. செப்டெம்பர் 29 அவரது நினைவு தினம். நமது பிள்ளைகளில் பலருக்கு அவரது பெயரே தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன்.

அம்பாறையிலிருந்து மலைநாட்டுப் பக்கம் போவோருக்கு பிபிலை என்ற ஊர் தெரிந்திருக்கும். அந்த ஊவா வெல்லஸ்ஸப் பகுதியின் செல்வாக்குள்ள குடும்பத்தில் 1920 பெப்ரவரி 13ஆம் திகதி சேனக பிபிலே பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். கொழும்பில் மருத்துவம் கற்று 1945இல் முதலாம் வகுப்பில் தேறினார். அந்தக் காலத்தில் அப்படித் தேறியவர் தனியாக வைத்தியம் பார்த்தாலே பெரும் செல்வந்தராகியிருக்கலாம். அவர் அந்தப் பாதையை எடுக்கவில்லை. மருந்தியலைத் தேர்ந்தெடுத்தார். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1958இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார். பின்னர் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் இருந்தார். வசதியான குடும்பத்தில் பிறந்தவர், ஏழைகளின் பக்கம் நின்று லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். அவரது அரசியலை எல்லோரும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் செய்த வேலையின் பயனை நாட்டின் எல்லாச் சமூகத்தவரும் அனுபவித்தோம்.

அந்த வேலை என்ன? எல்லோருக்கும் தெரிந்த உதாரணத்திலிருந்து தொடங்குவோம். பரசிட்டமோல் என்பது மருந்தின் பொதுப்பெயர். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த வியாபாரப் பெயர். இன்னொரு கம்பனி அதே பரசிட்டமோலுக்கு வேறொரு பெயர் வைக்கும். உள்ளே இருப்பது ஒன்றுதான். அன்று இலங்கைக்குள் இப்படி ஆயிரக்கணக்கான பெயர்களில் மருந்துகள் வந்துகொண்டிருந்தன. எது தேவையானது, எது தேவையற்றது, எது ஒன்றின் மறுபெயர் என்று வைத்தியர்களுக்கே குழப்பம். புதிய மருந்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதை விற்க வந்த கம்பனிப் பிரதிநிதிகள்.

பிபிலே முதலில் அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துப் பட்டியலில் கை வைத்தார். 1950களின் கடைசியில் அவரும் சக வைத்தியர்களும் சேர்ந்து, வைத்தியசாலைகளுக்கு உண்மையிலேயே தேவையான மருந்துகளைப் பொதுப்பெயரில் தொகுத்தனர். வியாபாரிகளின் விளம்பரத்துக்குப் பதிலாக, பக்கச்சார்பற்ற தகவல்களை வைத்தியர்களுக்குத் தரும் வெளியீடுகளுக்கும் அவர் பொறுப்பாக இருந்தார். அடிப்படையில் அவர் ஓர் ஆசிரியர். வைத்தியருக்குச் சரியாகக் கற்பித்தால் நோயாளி தப்புவார் என்பது அவரது நம்பிக்கை.

அதே காலத்தில்தான் உலகை உலுக்கிய சம்பவம் ஒன்று நடந்தது. கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் தூக்கமின்மைக்கும் பல நாடுகளில் கொடுக்கப்பட்ட தலிடோமைட் என்ற மருந்தினால், 10,000இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் கை கால்கள் வளர்ச்சியடையாமல் பிறந்தனர். 1961இல் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஒரு நாட்டில் ஒரு வைத்தியருக்கு எழுந்த சந்தேகம் மற்ற நாடுகளுக்கு உடனே போய்ச் சேர வழி இல்லாமல் இருந்ததுதான் அழிவைப் பெரிதாக்கியது. அந்தப் பாடத்திலிருந்து, 1968இல் உலக சுகாதார ஸ்தாபனம் பத்து நாடுகளுடன் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் திட்டத்தை ஆரம்பித்தது. 1978 முதல் அதன் மையம் சுவீடனின் உப்சாலா நகரில் இயங்குகிறது. இன்று இலங்கை உட்பட பெரும்பாலான நாடுகள் அதில் இணைந்துள்ளன. மருந்து, தடுப்பூசி பற்றிய கோடிக்கணக்கான முறைப்பாடுகள் அங்கே சேர்ந்துள்ளன.

கண்காணிப்பு என்பது மருந்து கடைக்கு வந்த பிறகு தொடங்கும் வேலையல்ல. எத்தனை மருந்தை உள்ளே விடுகிறோம், என்ன பெயரில் விடுகிறோம், யார் பார்த்து விடுகிறார்கள் என்பதில் அது தொடங்குகிறது. பட்டியல் சிறிதாக இருந்தால் வைத்தியர் ஒவ்வொரு மருந்தின் நன்மை தீமையையும் அறிவார். பெயர் ஒன்றாக இருந்தால் ஒருவருக்கு வந்த தீங்கையும் இன்னொருவருக்கு வந்த தீங்கையும் சேர்த்துப் பார்க்கலாம். வாங்கும் இடம் ஒன்றாக இருந்தால் பிழையான தொகுதி எங்கே போனது என்று தேடிப் பிடிக்கலாம். பிபிலேயின் திட்டம் மலிவு மருந்துத் திட்டம் என்றே பேசப்படுகிறது. அது பாதுகாப்புத் திட்டமும்கூட.

1970இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் வந்தபோது அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. வைத்தியரும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து நாட்டின் மருந்து நிர்வாகம் பற்றிய அறிக்கையைக் கையளித்தனர். அதன்படி 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவர் பிபிலே. சுமார் 2,100 ஆக இருந்த மருந்துகளின் எண்ணிக்கை 600 ஆகக் குறைக்கப்பட்டது. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கினர். வெளிநாட்டுச் செலாவணி மிச்சமானது. ஏழையின் கைக்கும் மருந்து எட்டியது.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? மலிவான மருந்து தரமற்றது என்ற பேச்சைப் பரப்பினார்கள். வைத்தியர்களில் ஒரு பகுதியினரும் எதிர்த்தனர். 1974இல் கொலரா பரவியபோது நிலைமை முற்றியது. கூட்டுத்தாபனம் வேறொரு கம்பனியிடம் வாங்கிய டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொண்டு இங்கேயே கெப்சியூல் தயாரித்துத் தருமாறு, உள்நாட்டில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபைசர் கம்பனியைக் கேட்டனர். அது நடக்கவில்லை. நோய் பரவிய நேரத்தில் கூடிய விலைக்கு விமானத்தில் மருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று. தொழிற்சாலையை அரசு பொறுப்பேற்பது பற்றிய பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவரே பிரதமரிடம் பேசினார். பொருளியலாளர் சஞ்சய லாலுடன் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையில் பிபிலே இவற்றைப் பதிவு செய்தார். அது 1977இல் வெளியானது.

தனது அனுபவத்தை ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஊடாக ஏனைய ஏழை நாடுகளுக்கும் எடுத்துச் சென்றார். அந்தப் பணியில் தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக்குப் போயிருந்தபோது, 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி திடீரென இறந்தார். வயது 57. மாரடைப்பு என்றார்கள். சந்தேகத்தோடு பேசுவோரும் உண்டு. நிரூபிக்கப்படாத ஒன்றை நாம் தீர்ப்பாகச் சொல்லக் கூடாது.

அவர் மறைந்த சில வாரங்களில், உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது மாதிரிப் பட்டியலைத் தயாரித்தது. தேவையானவற்றைத் தேர்ந்து பொதுப்பெயரில் பட்டியலிடும் அதே முறை. 1982இல் பங்களாதேஷ் தனது மருந்துக் கொள்கையை அறிவித்து, தேவையற்றதும் தீங்கானதுமான சுமார் 1,700 மருந்துகளை நீக்கியது. இன்று அந்த நாடு தனக்குத் தேவையான மருந்தில் பெரும்பகுதியைத் தானே தயாரிக்கிறது.

நமது நாட்டிலோ 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. பிபிலே கட்டியது சிறிது சிறிதாகத் தளர்ந்தது. பல வருடப் போராட்டத்தின் பின்னர் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபை அமைந்தது. சட்டம் வந்தது. ஆனால் பொருளாதார நெருக்கடியின்போது, பதிவு செய்யப்படாத மருந்துகளும் அவசரக் கொள்வனவு என்று உள்ளே வந்தன. 2023இல் நுவரெலியாவில் கண் சத்திரசிகிச்சைக்குப் பின் ஊற்றிய சொட்டு மருந்தினால் நோயாளிகள் சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. அதே ஆண்டில் தரமற்ற இமியூனோகுளோபுலின் ஊசிமருந்து வைத்தியசாலைகளுக்கு வந்தது தெரியவந்தது. சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதாகும் அளவுக்கு அது போனது. யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

இதற்குப் பிறகு நமது ஊரில் என்ன பேச்சு வந்தது? அரசாங்கக் குளிசையை நம்பக் கூடாது, விலை கூடியதை வாங்கினால்தான் பாதுகாப்பு என்கிறார்கள். இது பிபிலேயை எதிர்த்தவர்கள் சொன்ன அதே கதை. 2023இல் தவறியது பொதுப்பெயர் அல்ல, பரிசோதனை. விலையைப் பார்த்துத் தரத்தை அறிய முடியாது. இந்தப் பேச்சை நம்பினால், வசதியுள்ளவர் விலை கூடியதை வாங்குவார். தோணிக்குப் போகிறவரும் கூலிக்குப் போகிறவரும் மருந்தையே விட்டுவிடுவார்.

சந்தையைக் கண்காணிப்பது நமக்குப் புதிய விடயமல்ல. நமது முன்னோரின் நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். அளவை, நிறுவையுடன் மருந்து விற்பவரின் கலப்படத்தையும் பார்ப்பது அவரது கடமை. மருந்து விற்பது வியாபாரம்தான். ஆனால் வாங்குகிறவருக்கு அதன் தரத்தைச் சோதிக்க வழியில்லாததால், அது அமானிதமும்கூட.

நம்மால் செய்யக்கூடியவை சில உண்டு. வைத்தியரிடம் மருந்தின் பொதுப்பெயரைக் கேட்போம். அதைக் கேட்பது நமது உரிமை, மரியாதைக் குறைவல்ல. கிளினிக் மருந்தையும் வெளியே வாங்கிய மருந்தையும் ஒரே பையில் போட்டு, எந்த வைத்தியரிடம் போனாலும் காட்டுவோம். குளிசை முடியும்வரை தொகுதி இலக்கம் உள்ள கார்ட்டை வீசாமல் வைப்போம். மருந்தால் உடம்பில் கரப்பன், மூச்சுத் திணறல், தலைசுற்று என்று ஏதும் வந்தால் உடனே வைத்தியரிடம் சொல்லி, அதை முறையிடும்படி கேட்போம். பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டபின் வித்தியாசமாக ஏதும் கண்டால், வாட்ஸ்அப்பில் பரப்ப முன்னர் குடும்ப சுகாதார உத்தியோகத்தரிடம் சொல்வோம். அங்கே சொன்னால் அது பதிவாகி, சுகாதார வைத்திய அதிகாரியிடமும் தொற்றுநோயியல் பிரிவிடமும் போகும். வாட்ஸ்அப்பில் சொன்னால் பயம் மட்டுமே பரவும்.

உம்மாவின் மருந்துப் பெட்டியில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. நான்கு மருந்தின் உண்மைப் பெயர்களையும் தமிழில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போன மாதம் பாமசியில் வேறு நிறக் குளிசை ஒன்றைக் கொடுத்தபோது, இது லொசார்டன்தானா என்று உம்மா கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர் அவர். பிபிலே விரும்பியது இப்படிக் கேட்கத் தெரிந்த மக்களைத்தான்.